நடுவில் இருக்கும் ஊருக்கு யார் எம்.எல்.ஏ.?

கேளுங்கள்... தெரிந்துகொள்ளுங்கள்!

*கேள்வி: “எங்கள் வன்னியம்பட்டி, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு வேலைக்கு அந்த ஊர், இன்னொரு வேலைக்கு இந்த ஊர் என்று போய் வருகிறோம். கண்மாய் மடையைச் சரிசெய்து தரச் சொல்லி மனு எழுதலாம் என்றால், ‘எம்.எல்.ஏ. எதிர்க்கட்சியா இருந்தா ஒண்ணும் நடக்காது’ என்கிறார்கள். முன்பு ராஜபாளையம் ரிசர்வ் தொகுதி. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ரிசர்வ். ஏன் மாறியது? இந்த இரண்டு தொகுதிகளின் தேர்தல் வரலாறு என்ன? ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருந்தால்தான் விவசாயிக்கு வேலை நடக்குமா?”*

*– ஒரு சிறு விவசாயி, வன்னியம்பட்டி.*

2026 சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய நேரத்தில் வந்த கேள்வி இது. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தொகுதிக் கோட்டை யார் போடுகிறார்கள், இந்தத் தொகுதிகள் இதுவரை யாரைத் தேர்ந்தெடுத்தன, கண்மாய் மடைக்கு யாரைக் கேட்பது. மூன்றாவதுதான் விவசாயிக்கு அவசரம். ஆனால், முதல் இரண்டும் தெரிந்தால் மூன்றாவதற்கான பதில் தானாகவே பிடிபடும்.

கோட்டைப் போடுவது யார்?

ஒரு ஊர் எந்தச் சட்டமன்றத் தொகுதியில் வரும் என்பதைக் கட்சிகளோ, கலெக்டரோ முடிவு செய்வதில்லை. தொகுதி மறுவரையறை ஆணையம் முடிவு செய்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பது 2008-ல் வந்த மறுவரையறை. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட கோடு அது. அதன்படி நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல் 2011-ல் வந்தது.

தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் ராஜபாளையத்தின் எண் 202. ஸ்ரீவில்லிபுத்தூரின் எண் 203. இரண்டும் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால், நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் இரண்டும் தென்காசித் தொகுதியில் சேர்ந்துவிடும். கலெக்டர் விருதுநகரில், எம்.பி. தென்காசிக்கு. இது இந்தப் பகுதி மக்களுக்குப் பழகிப்போன குழப்பம். ஒரு சட்டமன்றத் தொகுதி ஒரே மாவட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பிரிப்பவர்கள், நாடாளுமன்றத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகளைச் சேர்க்கும்போது மாவட்ட எல்லையைத் தாண்டிப் போவது உண்டு.

இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருக்கும் கிராமங்களில் ‘நாம எந்தத் தொகுதி?’ என்ற சந்தேகம் வருவது இயல்பு. பேருந்து எங்கே போகிறது, சந்தை எங்கே கூடுகிறது, தாலுகா ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பதை வைத்து ஊகிக்கக் கூடாது. வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தைப் பார்த்தால் போதும். தொகுதியின் எண்ணும் பெயரும், பாகம் எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். 202 என்றால் ராஜபாளையம். 203 என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கிராமங்களுக்கு இரண்டு எம்.எல்.ஏ.க்கள் இருப்பதும் உண்டு. அதனால், பக்கத்து ஊர்க்காரர் சொல்வதைக் கேட்டு மனுவை எழுதிவிடாமல், பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

ரிசர்வ் ஏன் இடம் மாறியது?

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் இரண்டு பொதுத்தேர்தல்களில் தனித் தொகுதி இன்றுபோல் இல்லை. சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். அதில் ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கு. 1952-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் 309 தொகுதிகளிலிருந்து 375 உறுப்பினர்கள் வந்தார்கள். அதாவது, 66 தொகுதிகளுக்கு இரட்டை உறுப்பினர். 1957-ல் மொழிவழி மாநிலம் பிரிந்த பிறகு 167 தொகுதிகள், 205 உறுப்பினர்கள். நாடாளுமன்றத்துக்கும் இதே முறைதான். 1957-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து உ.முத்துராமலிங்கத் தேவரும், ஆர்.எஸ்.ஆறுமுகமும் என இரண்டு பேர் டெல்லி போனார்கள்.

இந்த முறையில் தொகுதி மிகப் பெரியது. செலவும் அலைச்சலும் அதிகம். 1961-ல் சட்டம் போட்டு இரட்டை உறுப்பினர் முறையை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகுதான் ‘ஒரு தொகுதி, ஒரு உறுப்பினர், சில தொகுதிகள் தனித் தொகுதி’ என்ற இன்றைய ஏற்பாடு வந்தது.

1977 தேர்தலிலிருந்து 2006 தேர்தல் வரை ராஜபாளையம் தனித் தொகுதி. ஸ்ரீவில்லிபுத்தூர் பொதுத் தொகுதி. 2008 மறுவரையறையில் இது அப்படியே தலைகீழானது. ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதி, ராஜபாளையம் பொது.

இதில் யாருடைய விருப்பு வெறுப்பும் இல்லை. சட்டத்தில் அதற்கு விதி இருக்கிறது. பட்டியல் சாதி மக்களின் விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமாக இருக்கும் பகுதிகளில் தனித் தொகுதி அமைய வேண்டும். அவை மாநிலத்தின் பல பாகங்களிலும் பரவியிருக்க வேண்டும். கோட்டைக் கொஞ்சம் மாற்றி, சில கிராமங்களை இங்கிருந்து அங்கே சேர்த்தால், விகிதமும் மாறும். ரிசர்வும் இடம் மாறும். 2008-க்கு முன்பு தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 42, பழங்குடியினருக்கு 3 என 45 தனித் தொகுதிகள் இருந்தன. பிறகு அது 44-ம் 2-ம் என 46 ஆனது.

தனித் தொகுதி பற்றிக் கிராமத்தில் ஒரு தவறான எண்ணம் இன்னமும் இருக்கிறது. அங்கே பட்டியல் சாதியினர் மட்டும்தான் ஓட்டுப் போடுவார்கள் என்றும், எம்.எல்.ஏ. அவர்களுக்கு மட்டும்தான் என்றும் நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் தவறு. வேட்பாளர் மட்டும்தான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஓட்டு எல்லோருக்கும் உண்டு. ஜெயித்தவர் எல்லோருக்கும் எம்.எல்.ஏ. கண்மாய் ஆயக்கட்டில் யார் யாருக்கு நிலம் இருக்கிறதோ, அத்தனை பேரின் மனுவையும் வாங்க வேண்டியவர் அவர்.

முதலமைச்சரும் தோற்ற மண்

இந்தப் பகுதியின் தேர்தல் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். பதவியையும் பெயரையும் பார்த்து இங்கே யாரும் மயங்கியதில்லை.

ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா, 1949 ஏப்ரல் 6 முதல் 1952 ஏப்ரல் 10 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். தன் வீட்டையே ஊருக்கு எழுதிக் கொடுத்தவர். இன்று காந்தி கலை மன்றமாக இருப்பது அதுதான். அப்படிப்பட்டவர், முதலமைச்சர் நாற்காலியில் இருந்தபடியே 1952 தேர்தலைச் சந்தித்துத் தோற்றார். பிறகு ஒடிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார்.

அதே 1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதி மக்கள் காமராஜரை டெல்லிக்கு அனுப்பினார்கள். 1954-ல் அவர் முதலமைச்சர் ஆனதும் அந்தப் பதவியை விட்டு மாநிலத்துக்கு வந்தார். 1957-லும் 1962-லும் பக்கத்துச் சாத்தூர் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. ஆனால், அதே காமராஜர் 1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் நின்றபோது, மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். தமிழ்நாடே வாய்பிளந்த தோல்வி அது.

அலைக்கு அடங்காத ஸ்ரீவில்லிபுத்தூர்

1977-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் அ.தி.மு.க. சார்பில் ஆர்.தாமரைக்கனி ஜெயித்தார். 1980, 1984 தேர்தல்களிலும் அவரே. எம்.ஜி.ஆர். காலத்தில் அ.தி.மு.க. வேட்பாளர் ஜெயித்தது பெரிய செய்தி இல்லை. அதற்கடுத்து நடந்ததுதான் செய்தி.

1991 தேர்தல் ராஜீவ் காந்தி கொலையான சில வாரங்களில் நடந்தது. அ.தி.மு.க. – காங்கிரஸ் கூட்டணி 225 இடங்களை அள்ளியது. தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடங்கள். அப்படி ஒரு சூறாவளியில், தமிழ்நாட்டிலேயே ஒரே ஒரு சுயேச்சைதான் ஜெயித்தார். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்ற தாமரைக்கனி.

1996-ல் காற்று நேர் எதிராக அடித்தது. தி.மு.க. – த.மா.கா. அணி 221 இடங்களில் ஜெயித்தது. அ.தி.மு.க. தேறியது நான்கே தொகுதிகளில். அந்த நான்கில் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர். அப்போது அ.தி.மு.க.வில் திரும்பியிருந்த தாமரைக்கனிதான் வேட்பாளர். 2001-ல் அவருடைய மகன் இன்பத்தமிழன் அதே தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் ஜெயித்தார்.

ஐந்தாண்டு இடைவெளியில் வந்த இரண்டு பெரிய அலைகள். இரண்டிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் தன் போக்கில் போனது. அலையோடு போனது சரியா, எதிர்த்துப் போனது சரியா என்பது வேறு கேள்வி. மாநிலம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தாலும், இங்கே வாக்காளர் தனியாக யோசித்து ஓட்டுப் போட்டிருக்கிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

2006 முதல் 2021 வரை நான்கு தேர்தல்கள்

இனி இரண்டு தொகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2006: ராஜபாளையத்தில் அ.தி.மு.க.வின் எம்.சந்திரா. ஸ்ரீவில்லிபுத்தூரில் தி.மு.க. கூட்டணியில் நின்ற இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் ராமசாமி. ஆட்சி தி.மு.க.

2011: ராஜபாளையத்தில் அ.தி.மு.க.வின் கே.கோபால்சாமி. ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் வி.பொன்னுபாண்டி. இந்த முறை அந்தக் கட்சி அ.தி.மு.க. கூட்டணியில். ஆட்சி அ.தி.மு.க.

2016: ராஜபாளையத்தில் தி.மு.க.வின் எஸ்.தங்கபாண்டியன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அ.தி.மு.க.வின் எம்.சந்திரபிரபா. ஆட்சி அ.தி.மு.க.

2021: ராஜபாளையத்தில் மறுபடியும் தங்கபாண்டியன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அ.தி.மு.க.வின் இ.எம்.மான்ராஜ். ஆட்சி தி.மு.க.

நான்கில் மூன்று தேர்தல்களில் இந்த இரண்டு தொகுதிகளும் எதிரெதிர் அணிகளைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. 2016-ல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆளுங்கட்சி எம்.எல்.ஏ., ராஜபாளையத்துக்கு எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. 2021-ல் அது அப்படியே மாறியது. பத்து ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளும் இரண்டையும் பார்த்துவிட்டன.

ஸ்ரீவில்லிபுத்தூரின் 2006, 2011 முடிவுகளையும் கவனிக்க வேண்டும். தொகுதி பொதுவிலிருந்து தனித் தொகுதியானது. கூட்டணி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறியது. வேட்பாளர் மாறினார். கதிர் அரிவாள் மட்டும் மாறவில்லை.

2021-ல் ராஜபாளையத்தில் தங்கபாண்டியனை எதிர்த்து நின்றவர், அப்போது பால்வளத்துறை அமைச்சராக இருந்த கே.டி.ராஜேந்திர பாலாஜி. 2011, 2016 தேர்தல்களில் சிவகாசியில் ஜெயித்தவர், தொகுதி மாறி வந்தார். நாலாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். அமைச்சர் என்பதற்காக ஊர் தலையாட்டிவிடவில்லை. இத்தனைக்கும் இது பால் சொசைட்டிகளும், பால்கோவாவும் நிறைந்த பகுதி.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருந்தால்தான் வேலை நடக்குமா?

இப்போது அந்தக் கண்மாய் மடைக்கு வரலாம்.

உண்மையைச் சொன்னால், ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வுக்கு அமைச்சரைப் பார்ப்பது எளிது. அந்த வசதியை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால், ‘எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. என்றால் ஒன்றும் நடக்காது’ என்பது சரியில்லை. அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, தொகுதி மேம்பாட்டு நிதி. தமிழ்நாட்டில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே தொகைதான். பாலம், சாலை, பள்ளிக் கட்டடம் போன்ற, ஊருக்குச் சொத்தாக நிற்கும் வேலைகளுக்கு அவர் பரிந்துரைக்கலாம். வேலையைச் செய்வது அரசுத் துறைகள். இந்த நிதியில் நம் ஊருக்கு என்ன வந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டு வாங்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இரண்டு, சட்டமன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமை. வேளாண்மை, நீர்வளம், வனம் ஆகிய துறைகளின் மானியக் கோரிக்கை வரும்போது எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வும் தன் தொகுதிக் கண்மாயைப் பற்றிப் பேசலாம். 2021 ஆகஸ்ட்டிலிருந்து தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் வாசிக்கப்படுகிறது. கேட்பதற்கு அதுவும் ஒரு நேரம். 2022 ஆகஸ்ட்டில், தங்கள் தொகுதியில் நீண்ட நாளாக நிறைவேறாமல் இருக்கும் பத்துக் கோரிக்கைகளைப் பட்டியல் போட்டுத் தரும்படி 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கடிதம் எழுதினார். எதிர்க்கட்சியினருக்கும் அந்தக் கடிதம் போனது. ‘அந்தப் பத்தில் எங்கள் ஊர் கோரிக்கை இருந்ததா?’ என்று எம்.எல்.ஏ.விடம் கேட்க விவசாயிக்கு உரிமை உண்டு.

அதேநேரம், எம்.எல்.ஏ. எதைச் செய்ய முடியாது என்பதும் தெரிய வேண்டும். மடையைச் சரிசெய் என்று அவர் அதிகாரிக்கு உத்தரவு போட முடியாது. பரிந்துரைக்கலாம், வற்புறுத்தலாம், சட்டமன்றத்தில் கேட்கலாம். உத்தரவு துறையிலிருந்துதான் வர வேண்டும். மனுவை முதலில் எந்தத் துறைக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் பாதி வெற்றி.

மனு எந்த ஆபீஸுக்கு?

கண்மாய் என்றால் முதலில் ஆயக்கட்டைப் பார்க்க வேண்டும். 100 ஏக்கருக்கு (40 ஹெக்டேர்) மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. சின்னக் கண்மாய்க்கு நீர்வளத்துறையில் மனு கொடுத்தால், ‘இது எங்களுடையது இல்லை’ என்று ஒரு வரியில் பதில் வரும். அதற்குள் ஒரு போகம் போய்விடும். உங்கள் கண்மாய் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று வி.ஏ.ஓ.விடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒன்றியக் கண்மாய்க்கு இப்போது கூடுதலாக ஒரு சிக்கல். விருதுநகர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்துவிட்டது. பிறகு தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போனது. தலைவரைத் தேடி அலையாமல் ஒன்றிய ஆபீஸில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனுவைக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும்.

மலையடிவாரத் தோப்புகளில் யானையும் காட்டுப்பன்றியும் இறங்கித் தென்னையையும் மாவையும் அழித்தால், நிவாரணம் வனத்துறையிடம். ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதனால், இந்தப் பகுதியில் வனத்துறையின் பங்கு முன்பைவிடக் கூடியிருக்கிறது. சேதம் நடந்த அன்றே போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.வுக்கும் வனச்சரகருக்கும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். மரத்தை அப்புறப்படுத்திவிட்டுச் சொன்னால் கணக்கில் ஏறாது.

எந்தத் துறைக்குக் கொடுத்தாலும், மாதாமாதம் விருதுநகரில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவைக் கலெக்டரிடமும் பதிவு செய்யலாம். அங்கே எல்லாத் துறை அதிகாரிகளும் உட்கார்ந்திருப்பார்கள். அதன் நகலை எம்.எல்.ஏ.வுக்குக் கொடுக்க வேண்டும். ஆயக்கட்டு விவசாயிகள் எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் அதற்கு மதிப்பு அதிகம். மனுவில் கண்மாயின் பெயர், சர்வே எண், ஆயக்கட்டு ஏக்கர், எந்த மடை, எத்தனை நாளாகப் பழுது என்ற ஐந்தும் இருக்க வேண்டும். ‘ஆவன செய்யவும்’ என்று முடிக்கும் பொதுவான மனுவைவிட இந்த ஐந்து விவரங்கள் பத்து மடங்கு வேலை செய்யும்.

ஒரு முறை கொடுத்துவிட்டு விட்டுவிடக் கூடாது. தேதி போட்ட ஒப்புகைச் சீட்டுகளைக் கோத்து வைத்தால், அடுத்த எம்.எல்.ஏ. எந்தக் கட்சியிலிருந்து வந்தாலும் அந்தக் கோப்பை அவர் மேசையில் வைக்கலாம். தேர்தல்கள் மாறினாலும் மனுவுக்கு வயது ஏறிக்கொண்டே போகும். ‘ஏழு வருடமாகக் கேட்கிறோம்’ என்பதை நிரூபிக்க அந்தச் சீட்டுகள்தான் சாட்சி.

பட்டியலில் பெயர் இருக்கிறதா?

இவ்வளவும் செய்ய அடிப்படை, வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது. ஓட்டு உள்ள ஊரிலிருந்து வரும் மனுவுக்குத்தான் அரசியல்வாதி காது கொடுப்பார். இது கசப்பான உண்மை.

2021 ராஜபாளையம் முடிவை மறுபடி நினைத்துப் பார்க்கலாம். நாலாயிரத்துக்கும் குறைவான வித்தியாசம் என்றால், நான்கு வாக்குச்சாவடிகளில் இருக்கும் மொத்த வாக்காளர்களின் அளவு. அந்தத் தேர்தலில் ஒரு சாவடிக்கு ஏறக்குறைய ஆயிரம் வாக்காளர் என்ற கணக்கில்தான் சாவடிகளைப் பிரித்தார்கள். 1967-ல் காமராஜர் தோற்ற 1,285 வாக்குகள், அந்தக் கணக்கில் ஒன்றேகால் சாவடிதான்.

அதே 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்ததும் மறக்க முடியாதது. காங்கிரஸ் வேட்பாளர் பி.எஸ்.டபிள்யூ.மாதவராவ், ஏப்ரல் 6-ம் தேதி வாக்குப்பதிவு முடிந்த பிறகு, ஏப்ரல் 11-ம் தேதி கொரோனாவால் இறந்துபோனார். வாக்குப்பதிவுக்கு முன்பு கட்சி வேட்பாளர் இறந்தால் தேர்தலைத் தள்ளிவைப்பார்கள். பிறகு இறந்தால் எண்ணிக்கை நடக்கும். அவர் ஜெயித்திருந்தால் இடைத்தேர்தல் வந்திருக்கும். மே 2-ம் தேதி எண்ணியபோது, 12 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் மான்ராஜ் ஜெயித்தார். இறந்துவிட்ட வேட்பாளர் பெட்டியில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் இருந்தன. போட்ட ஓட்டு ஒன்றுகூட எண்ணாமல் விடப்படவில்லை.

வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, 2025 டிசம்பரில் வெளியான தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. வேலைக்காகத் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போய் வரும் குடும்பங்கள் உள்ள கிராமங்களில், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் பெயர் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். பெயர் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றம், திருத்தம் என்றால் படிவம் 8. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ, தாலுகா ஆபீஸிலோ கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். வேட்புமனு கொடுக்கும் கடைசி நாள் முடிந்துவிட்டால், அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. ஓட்டுப் போடும் நாளில் சாவடியில் நின்று சண்டை போட்டுப் பயன் இல்லை.

அடுத்த கோடு எப்போது?

இப்போதுள்ள தொகுதிக் கோடு நிரந்தரம் இல்லை. 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வரும்வரை மாநிலங்களின் தொகுதி எண்ணிக்கையை மாற்றக் கூடாது என்று அரசியல் சட்டத்தில் இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதற்குப் பிறகு மறுவரையறை வந்தால், தமிழ்நாட்டுக்கு எத்தனை எம்.பி. என்பது பற்றித்தான் பெரிய தலைவர்கள் பேசுவார்கள். அது பேச வேண்டியதுதான். ஆனால், அதே நேரத்தில் கிராமங்களும் இடம் மாறும். ரிசர்வும் மறுபடி மாறலாம்.

வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் சொல்லவும், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசவும் பொதுமக்களுக்கு வாய்ப்புத் தருவார்கள். ‘எங்கள் கண்மாயும் கால்வாயும் ஒரே நீர்வழியில் இருக்கின்றன, அந்த ஊர்களை ஒரே தொகுதியில் வையுங்கள்’ என்று விவசாயிகள் சொல்ல வேண்டிய இடம் அது. மேலே உள்ள கண்மாய் ஒரு தொகுதியிலும், அதன் மறுகால் தண்ணீர் பாயும் கண்மாய் இன்னொரு தொகுதியிலும் இருந்தால், ஒரே வாய்க்காலுக்கு இரண்டு எம்.எல்.ஏ.க்களிடம் அலைய வேண்டியிருக்கும்.

துணைக் கேள்விகள்

*நிலம் ஒரு தொகுதியில், வீடு இன்னொரு தொகுதியில். எங்கே ஓட்டு?*

வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் ஓட்டு. பட்டா எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை. ஓர் ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதால் மட்டுமே அந்த ஊர் வாக்காளர் ஆகிவிட முடியாது. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது குற்றம். ஆனால் மனு கொடுப்பதற்கு ஓட்டு தடையில்லை. நிலம் இருக்கும் தொகுதியின் எம்.எல்.ஏ.விடமும் தாராளமாகக் கொடுக்கலாம்.

*அறுவடை, செங்கல் சூளை, மில் வேலை என்று சில மாதம் வெளியூர் போகிறவர்களின் பெயரை நீக்கலாமா?*

தற்காலிகமாக வெளியூர் போனதாலேயே ஒருவர் சொந்த ஊரில் குடியிருப்பதை இழந்துவிடுவதில்லை என்று சட்டம் சொல்கிறது. ஆட்சேபம் வந்தால் ரேஷன் கார்டு, ஆதார், கரன்ட் பில் போன்றவற்றைக் காட்டி, திரும்பி வரும் வீடு இது என்று எழுதிக் கொடுக்கலாம். நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்காமல் பெயரை நீக்கக் கூடாது. நோட்டீஸ் வந்தால் வாங்க ஆள் இருப்பதுபோல் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.